இலை லோங் வீக்கென்ட் பார்ப்பதில்லை
வாசகர் கேள்வி–பதில்: இலையுதிர்காலம்

ஊரில் வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனி வெயிலுக்கு. இங்கே மேப்பிள் கொட்டுவது புரட்டாசி, ஐப்பசிக் குளிருக்கு. அந்தக் குளிருக்கும் முதற் பனிக்கும் நடுவில் கிடைக்கிற நாலைந்து கிழமையை என்ன செய்வது என்று ரொறன்ரோ வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி: நன்றி நவிலல் நாள் லோங் வீக்கென்டுக்கு இரண்டு குடும்பமாக அல்கொன்குவின் மாகாணப் பூங்காவுக்குப் போக இருக்கிறோம். போன வருடம் இதே நாளில் போனோம். சிவப்பு மரங்கள் பாதி மொட்டையாக நின்றன. எங்கே பிழைத்தது?
(வாசகர், மார்க்கம்)

நாளில்தான் பிழைத்தது. அல்கொன்குவினின் சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் பெரும் காரணம் சுகர் மேப்பிள் மரம். அது உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் செப்டம்பர் கடைசிக் கிழமையில். பிந்தினால் அக்டோபரின் முதல் சில நாட்கள். நன்றி நவிலல் நாளோ அக்டோபரின் இரண்டாவது திங்கள், அதாவது 8ஆம் திகதிக்கும் 14ஆம் திகதிக்கும் இடையில் வரும். அதற்குள் ஒரு மழையும் காற்றும் அடித்தால் சிவப்பு நிலத்தில்தான் கிடக்கும். அஸ்பென், பேர்ச் மரங்களின் மஞ்சள் அப்போதும் இருக்கும். ஆனால் மூன்று மணி நேரம் கார் ஓடிப் போகிறவர் மஞ்சளுக்காகப் போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த லோங் வீக்கென்ட் ரொறன்ரோவுக்கும் பொருந்தாது. நகரத்து மரங்கள் நிறம் கொள்வது அக்டோபர் மூன்றாம், நான்காம் கிழமைகளில். விடுமுறை இரண்டுக்கும் நடுவில் வந்து விழுகிறது. ஆகவே அல்கொன்குவின்தான் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியில் ஒரு வார நாளுக்கு லீவு போடுங்கள். லோங் வீக்கென்டை விட முடியாது என்றால் இடத்தை மாற்றுங்கள்: மில்டனுக்குப் பக்கத்தில் றாட்டில்ஸ்னேக் பொயின்ட், அல்லது கிழக்கே கேம்பல்ஃபோர்டில் தொங்குபாலம் உள்ள ஃபெரிஸ் மாகாணப் பூங்கா. அல்கொன்குவினை விடத் தாழ்வாகவும் தெற்கிலும் உள்ள இந்த இடங்களில் நிறம் அக்டோபர் நடுப்பகுதியை ஒட்டி வரும். றாட்டில்ஸ்னேக் பொயின்டுக்கு நேரம் குறித்து முற்பதிவு செய்யாமல் போனால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள்.

அல்கொன்குவினுக்குப் போகிறவர்களுக்குச் சில விபரங்கள். வாகன அனுமதிச்சீட்டை 5 நாட்களுக்கு முன்பிருந்து இணையத்தில் எடுக்கலாம். இலைக்காலச் சனி, ஞாயிறுக்கு அது திறந்த அன்று காலையிலேயே தீர்ந்துவிடும். "போய் வாசலில் எடுப்போம்" என்று கிளம்பியவர்கள் வழியிலுள்ள ஹன்ட்ஸ்வில் ஊரில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள் சுமார் 56 கி.மீ. ஓடுகிறது, இடங்களையெல்லாம் மேற்கு வாசலிலிருந்து எண்ணும் கிலோமீற்றர் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரே ஒரு நடை என்றால் 39.7ஆவது கி.மீற்றரில் உள்ள லுக்அவுட் பாதை: சுமார் 2 கி.மீ. வட்டம், ஏற்றம் செங்குத்து, உச்சியில் பாறை விளிம்புக்குத் தடுப்புக் கம்பி கிடையாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். உள்ளே தொலைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோலை ஹன்ட்ஸ்வில்லில் நிரப்புங்கள். பொழுது சாயும்போது மூஸ் என்ற பெரிய மான் வீதியைக் கடக்கும். காரின் முன்விளக்கு அதன் காலில்தான் படும், உடம்பு அதற்கு மேலே இருட்டில் இருக்கும். மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஊரிலிருந்து வந்து முதல் இலையுதிர்காலம் இது. எங்கே கூட்டிப் போகலாம்?
(வாசகி, ஸ்காபரோ)

லோரன்ஸும் லெஸ்லியும் சந்திக்கும் இடத்தில் உள்ள எட்வேர்ட்ஸ் கார்டன்ஸ். லோரன்ஸ் கிழக்கில் ஓடும் பேருந்து பக்கத்திலேயே இறக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. மேல்தளத்தில் பாதைகள் சமமானவை, இருக்கைகள் நெருக்கமாக உண்டு. ஓடைக்கு இறங்கும் பாதை சரிவானது; அம்மா மேலே நின்று பார்த்தாலே போதும், நிறம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். சுரங்க ரயிலில் போய் இறங்கக்கூடிய ஹை பார்க்கும் நல்லது. ஆனால் அங்கே பெருமளவு கருங்கருவாலி மரங்கள். அவை செம்பழுப்பாகும், மேப்பிள் சிவப்பை எதிர்பார்க்கக் கூடாது.

அக்டோபர் 18 முதல் 28 வரைக்குள், முதல் நாள் மழை பெய்யாத ஒரு நாளாகப் பாருங்கள். நனைந்த இலை பாசி போல வழுக்கும், முழங்கால் வருத்தக்காரருக்கு அதுதான் முதல் எதிரி. முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் போய் வாருங்கள். அக்டோபர் நடுவில் மாலை ஆறரை வாக்கிலேயே பொழுது பட்டுவிடும். குளிர் அதற்கும் முன்னரே இறங்கிவிடும்.

கேள்வி: பொறுக்கி வந்த மேப்பிள் இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்தேன். இரண்டு கிழமையில் பழுப்பாகிப் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. நிறம் நிற்க என்ன வழி?
(வாசகி, ஏஜாக்ஸ்)

இலைக்குள் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போனதுதான் காரணம். வழுவழுப்பான தாள் உள்ள புத்தகம் ஈரத்தை உறிஞ்சாது. சிவப்பைத் தருகிற அந்தோசயனின் ஈரத்தோடு மெல்ல மெல்லக் காய்ந்தால் பழுப்பாகும். வேகமாகக் காய்ந்தால் நிறம் நிற்கும். எல்லாத் தந்திரமும் இந்த வேகத்தில்தான் இருக்கிறது.

இலை விழுந்த அன்றே, மதியத்தில், பனி ஈரம் காய்ந்த பிறகு பொறுக்குங்கள். துணியால் ஒற்றி எடுத்து, பழைய செய்தித்தாள் நாலு மடிப்பு, இலை ஒரு வரிசை, மறுபடி நாலு மடிப்பு என்று அடுக்குங்கள். ஓர் இலை இன்னோர் இலையில் தொடக் கூடாது. மேலே பலகை வைத்து 5 கிலோ அரிசிப் பையை ஏற்றுங்கள். முதல் மூன்று நாளும் தினமும் தாளை மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் விடுகிற பிழை இதுதான். பிறகு ஒரு கிழமை அப்படியே கிடக்கட்டும். இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் இன்னும் ஈரம் உண்டு.

அவசரத்துக்கு மைக்ரோவேவ். இரண்டு பேப்பர் டவலுக்கு நடுவில் இலையை வைத்து, மேலே ஒரு தட்டை அழுத்தி, 20 வினாடி வைத்து எடுத்துப் பாருங்கள், பிறகு மீண்டும் 10, 10 வினாடியாக. காய்ந்த இலை தீப்பிடிக்கும்; பொத்தானை அழுத்திவிட்டு அங்கால் போகாதீர்கள்.

வளைகிற, தோல் போன்ற இலை வேண்டும் என்றால் கிளிசரின். மருந்தகத்தில் விற்கும் கிளிசரின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. அகலத் தட்டில் ஊற்றி இலைகளை அமிழ்த்தி, மிதக்காமல் இருக்க மேலே இன்னொரு தட்டை வையுங்கள். 2 முதல் 6 நாளில் இலை மெத்தென்று ஆகிவிடும். எடுத்து ஒற்றிக் காயவிடுங்கள். நிறம் ஒரு படி கறுக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நிறம் மாறிய கிளையைக் குவளையில் குத்தி வைத்தால் கிளிசரின் மேலே ஏறும் என்று சொல்வார்கள், ஏறாது. நிறம் மாறும்போதே காம்படியில் ஒரு தக்கைப் படலம் வளர்ந்து நீர் வழியை அடைத்துவிடுகிறது.

ஒன்று கவனியுங்கள்: றூஜ் தேசிய நகரப் பூங்காவிலிருந்தோ மாகாணப் பூங்காக்களிலிருந்தோ இலை, கொட்டை, கூம்பு எதையும் எடுத்து வரக் கூடாது. உங்கள் வீதியோர மரமே போதும்.

கேள்வி: நவராத்திரிக்கு வாசலில் மாவிலைக்குப் பதிலாக மேப்பிள் இலைத் தோரணம் கட்ட ஆசை. ஒரு கிழமை தாங்குமா?
(வாசகி, பிரம்டன்)

தேன்மெழுகு பூசினால் பல கிழமை தாங்கும். மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். நீங்கள் தோய்க்க வேண்டியது 70க்கும் 75க்கும் இடையில். அதற்குக் கீழே இருந்தால் இலைமேல் வெள்ளையாகத் தடித்து உறையும், கூடிப்போனால் இலை சுருண்டுவிடும். மெழுகை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. சருவத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் ஒரு பழைய தகரப் பேணியில் 250 கிராம் மெழுகு. தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள்.

இலை மூன்று நாள் அழுத்திக் காய்ந்ததாக இருக்கட்டும். ஈர இலையைத் தோய்த்தால் மெழுகுக்கு அடியில் நீர் அடைபட்டு உள்ளேயே அழுகும். காம்பைப் பிடித்து இரண்டு வினாடி தோய்த்து, சொட்டு நின்றதும் மெழுகுத்தாளில் வையுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்துக் காம்பையும் தோயுங்கள். காம்பில் மெழுகு இல்லாவிட்டால் கட்டும்போது அதுதான் முதலில் ஒடியும்.

90 செ.மீ. அகல வாசலுக்குத் தொய்வோடு 110 செ.மீ. சணல் கயிறு. 6 செ.மீற்றருக்கு ஓர் இலை என்றால் 18. உடையக்கூடியதையும் சேர்த்து 25 தோய்த்து வையுங்கள். முடிச்சு இறுகக் கட்டாமல் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி விடுங்கள். வீட்டுக்குள் என்றால் ஹீற்றர் காற்று நேரே வரும் இடத்தைத் தவிருங்கள். குத்துவிளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்: காய்ந்த இலையும் மெழுகும் சேர்ந்தால் அது திரிதான்.

ஆனால் ஒரு சிக்கல். நவராத்திரி செப்டம்பர் கடைசியில் வரும் ஆண்டில் உங்கள் வீதி மேப்பிள் இன்னும் பச்சையாகவே நிற்கும். அந்த ஆண்டு மாவிலையோடு விட்டு, மேப்பிளைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலை பொறுக்கப் போன மகனுக்குக் கையெல்லாம் கொப்புளம். உண்ணி கடித்ததாக இருக்குமா?
(வாசகர், பிக்கரிங்)

கொப்புளமும் கடுஞ்சொறியும் என்றால் பொய்சன் ஐவி என்ற செடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது இலையுதிர்காலத்தில் அழகான சிவப்பாக மாறும். பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு. ஐந்து சிற்றிலை இருந்தால் அது வேர்ஜீனியா கொடி, வேறு இனம். பொய்சன் ஐவியின் எண்ணெய் காய்ந்த இலையிலும், சப்பாத்திலும், நாயின் மயிரிலும் தங்கும். பட்டவுடன் குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவ வேண்டும். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். இலைக்குவியலோடு சேர்த்து எரிக்க வேண்டாம், புகை நுரையீரலுக்குள் போகும். முகத்திலோ கண்ணருகிலோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உண்ணி வேறு விடயம். கரும்கால் உண்ணி கோடையோடு போய்விடாது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருக்கும் வரை நடமாடும், றூஜ் பள்ளத்தாக்கிலும் உண்டு. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு பாதையின் நடுவே நடங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை டிரையரில் அதிக சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். முறுக்கவோ எண்ணெய் பூசவோ கூடாது. 72 மணி நேரத்துக்குள் பக்கத்து மருந்தகத்தில் கேளுங்கள்: தேவைப்பட்டால் உண்ணி பரப்பும் லைம் நோய்க்கான தடுப்பு மருந்தை ஒன்ராறியோவில் மருந்தாளரே எழுதித் தரலாம்.

கேள்வி: ஹலோவீனுக்குச் செதுக்கிய பூசணி 31ஆம் திகதிக்கு முன்பே அழுகிச் சரிந்துவிடுகிறது.
(வாசகர், மிசிசாகா)

செதுக்கியது எப்போது? 15ஆம் திகதி என்றால் அது அழுகாமல் என்ன செய்யும்! முழுப் பூசணி வாசலில் ஒரு மாதம் இருக்கும். வெட்டியது மூன்று முதல் ஐந்து நாள். 28ஆம் திகதிக்கு முன் கத்தியை எடுக்காதீர்கள். தலையில் மூடி வெட்டாமல் அடியில் வட்டமாக வெட்டுங்கள், உள்ளே சேரும் நீர் கீழே வடியும். நாரைச் சுரண்டிச் சுவர் 2.5 செ.மீ. தடிப்புக்கு வரட்டும். 4 லீற்றர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி பிளீச் கலந்து, உள்ளும் வெட்டு விளிம்பும் நனையத் துடைத்துக் காயவிடுங்கள். மெழுகுதிரி வெப்பம் உள்ளே அவித்துவிடும். எல்ஈடி விளக்கு வையுங்கள். இரவு உறைநிலைக்குப் போனால் கராஜுக்குள் எடுங்கள், ஒருமுறை உறைந்து உருகினால் சதை களியாகும். அணிலுக்கு மருந்து இல்லை.

செதுக்குகிற பூசணி நீர்த்தது, நார் கூடியது, கறிக்கு உதவாது. விதையை மட்டும் எடுத்து, உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் அவித்து, ஒற்றி, 150 பாகை செல்சியஸில் 30 முதல் 40 நிமிடம் அவணில் வறுத்தால் மிளகாய்த்தூள் தூவிக் கொறிக்கலாம்.

கேள்வி: நண்பர்கள் 20 பேர். கொல்லையில் விறகடுப்பு மூட்டி ஒடியல் கூழ் காய்ச்சலாமா? அளவும் சொல்லுங்கள்.
(வாசகர், ஸ்காபரோ)

கூழ் நல்ல யோசனை, விறகடுப்புத்தான் முடியாது. ரொறன்ரோ நகர எல்லைக்குள் வீட்டுக் கொல்லையில் விறகு எரிக்க அனுமதி இல்லை, இரும்புச் சட்டிக்குள் மூட்டினாலும் சரி. மற்ற நகரங்களுக்கு வேறு வேறு விதி. உங்கள் நகரசபையில் கேட்டுவிடுங்கள். புரொப்பேன் அடுப்பு போதும், அதுவும் வெளியில்தான். மழை வந்தது என்று அடுப்பைக் கராஜுக்குள் இழுத்தால், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நாளையும் யோசியுங்கள். புரட்டாசிச் சனி, நவராத்திரி, கந்தசஷ்டி எல்லாம் இந்த மாதங்களில்தான். நண்டும் மீனும் போட்ட கூழுக்கு அழைத்துவிட்டு, வந்தவர்களில் பாதிப் பேர் விரதம் என்றால் யாருக்குச் சங்கடம்? நாட்காட்டியைப் பார்த்து நாள் வையுங்கள், அல்லது மரக்கறிக் கூழ் தனியாக ஒரு சருவம்.

20 பேருக்கு: ஒடியல் மா (உலர்த்திய பனங்கிழங்கு மா) 600 கிராம், புழுங்கல் அரிசி 100 கிராம், மரவள்ளிக்கிழங்கு 500 கிராம், பயற்றங்காய் 250 கிராம், பலாக்கொட்டை 40, மீன் தலையோடு 1 கிலோ, நண்டு 1 கிலோ, இறால் 500 கிராம், கணவாய் 500 கிராம், செத்தல் மிளகாய் 25, பழப்புளி 100 கிராம், மஞ்சள் இரண்டு தேக்கரண்டி, முருங்கை இலை இரண்டு கைப்பிடி, உப்பு. பலாக்கொட்டையும் மரவள்ளியும் தமிழ்க் கடைகளில் உறைபெட்டியில் கிடைக்கும். தண்ணீர் 6 லீற்றரில் தொடங்குங்கள்.

மாவை முதலில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு, மூன்று முறை. இதைச் சோம்பலில் விட்டால் கூழ் கைக்கும், பிறகு எதைப் போட்டாலும் மாறாது.

தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, மஞ்சள், உப்பு. இருபது நிமிடத்தில் கொட்டை பாதி வெந்திருக்கும். அப்போது நண்டும் பயற்றங்காயும். அடுத்த பத்தாவது நிமிடம் மீன். இறாலும் கணவாயும் கடைசியில்தான். கணவாயை முன்னமே போட்டால் றப்பர். செத்தல் மிளகாயை அரைத்து, புளிக்கரைசலோடு சேர்த்து, அதில் ஊறிய மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மாவைக் கொதிக்கும் சருவத்தில் நேரே கொட்டினால் உருண்டை உருண்டையாகக் கட்டும், அகப்பையால் உடைக்க முடியாது. கரைசலை மெல்ல ஊற்றி, நெருப்பைக் குறைத்து, அடிவரை துழாவிக்கொண்டே பத்து நிமிடம். மா அடியில் இறங்கிப் பிடிக்கும். ஒருவர் கை நிற்காமல் துழாவ வேண்டும், கதை கேட்கிறவரிடம் அகப்பையைக் கொடுக்காதீர்கள். இறக்குமுன் முருங்கை இலை.

அடுப்பில் இருக்கும்போது சற்று நீர்த்த பதமாகவே இருக்கட்டும். வெளிக்குளிரில் கூழ் வேகமாக இறுகும்; பக்கத்தில் ஒரு கேத்தில் சுடுதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் யாருக்காவது நண்டு, இறால் ஒவ்வாமை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டு வையுங்கள். சருவத்தில் விழுந்த பிறகு பிரித்து எடுக்க வழியில்லை.

பூங்காவில் வைக்க நினைத்தால், ரொறன்ரோவில் 25 பேருக்கு மேல் சேர அனுமதி எடுக்க வேண்டும். 20 பேருக்குத் தேவையில்லை.

கேள்வி: இந்த வருடம் எல்லாவற்றையும் தவற விட்டுவிட்டோம். ஹலோவீன் நெருங்கிவிட்டது. பார்க்க இனி ஏதும் உண்டா?
(வாசகர், விற்பி)

உண்டு: டமராக். ஊசியிலை மரம்தான், ஆனாலும் இலையுதிர்க்கும். மேப்பிள் மொட்டையான பிறகு, அக்டோபர் நடுப்பகுதிக்கும் கடைசிக்கும் இடையில், சதுப்பு நிலங்களில் அது பொன் மஞ்சளாக நிற்கும். அல்கொன்குவினில் 42.5ஆவது கி.மீற்றரில் உள்ள ஸ்புரூஸ் பொக் பாதை 1.5 கி.மீ.தான், சதுப்பின் மேலே பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். காலையில் பலகையில் உறைபனி இருக்கும், அடி பிடிக்கிற சப்பாத்துப் போடுங்கள். அனுமதிச்சீட்டு அந்த நாட்களில் லேசாகக் கிடைக்கும். இந்தக் கிழமைக்குள் போய் வந்துவிடுங்கள்; ஒரு பெருங்காற்று அடித்தால் ஊசி முழுவதும் தண்ணீரில் மிதக்கும்.